நிலவின் மறுபாதியும் வண்ண இசைத்தட்டும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று பேசப்பட்டுவரும் இந்தத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இசைத்தட்டு. அதுவும் ஆங்கில றொக் இசைத்தட்டு. இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பது எனது எண்ணம். கதை சொல்லும் முறை, மொழியைக் கையாளும் விதம், ஒரு படைப்புப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபதிப்புப் பெறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி ஆகிய மூன்றும் இலக்கியத்துக்கு உரியவை. நான் குறிப்பிடும் இசைத்தட்டிலே இந்த மூன்றும் இருக்கின்றன.

தட்டின் பெயர் ‘ஒக்டன்ஸ் நட் கோன் ஃபிளேக்’. இலண்டனைச் சேர்ந்த ‘ஸ்மோல் ஃபேஸஸ்’ என்ற குழுவினர் 1968 மே மாதம் வெளியிட்டது. பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 6 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் 50 ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 2018 இல், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறங்களில் அமைந்த மூன்று வினைல் தட்டுகளாக அது மறுபதிப்புச் செய்யப்பட்டது. பார்ப்பதற்கு மிக அழகான பொருள். அந்த அழகுக்கும் உள்ளே இருக்கும் இசைக்கும் என்ன உறவு என்பதையே நாம் இன்று சற்று ஆராயப் போகிறோம்.

முதலிலே ‘மொட்’ என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். 1950 களின் பிற்பகுதியில் இலண்டனில் நவீன ஜாஸ் இசையை விரும்பிக் கேட்ட இளைஞர்கள் சிலர் தங்களை ‘மொடர்னிஸ்ட்’, அதாவது நவீனர், என்று அழைத்துக்கொண்டனர். அதன் சுருக்கமே மொட். நாளடைவில் அது ஒரு பெரும் இளைஞர் கூட்டத்தின் பெயராயிற்று. இத்தாலியப் பாணியில் தைத்த இறுக்கமான உடுப்பு, வெட்டி ஒழுங்குபடுத்திய தலைமுடி, வெஸ்பா அல்லது லம்பிரெட்டா ஸ்கூட்டர், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை, யமேக்காவிலிருந்து வந்த ஸ்கா இசை ஆகியன இவர்களின் அடையாளங்கள். பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், அல்லது சிறு உத்தியோகம் பார்த்தவர்கள். வாரம் முழுவதும் உழைத்த சம்பளத்தை வார இறுதியில் உடுப்புக்கும் நடனத்துக்கும் செலவிட்டவர்கள். இரவு முழுவதும் ஆடுவதற்காக ஊக்க மாத்திரைகளை விழுங்கும் பழக்கமும் இவர்களிடையே இருந்தது.

1964 இல், ஈஸ்டர் விடுமுறையின்போது கிளாக்டனிலும், பின்னர் மே மாதத்தில் பிறைட்டன், மார்கேட் ஆகிய கடற்கரை நகரங்களிலும், மொட் இளைஞர்களுக்கும் மோட்டார் சைக்கிளில் திரிந்த ‘றொக்கர்’ இளைஞர்களுக்கும் இடையே கைகலப்புகள் ஏற்பட்டன. பத்திரிகைகள் அதனைப் பூதாகாரமாக்கின. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் இந்தச் சம்பவங்களை ஆராய்ந்து 1972 இல் ஒரு நூல் எழுதினார். சமூகம் ஒரு கூட்டத்தாரைப் பேயாகச் சித்திரித்துத் தானே பீதி கொள்வது எப்படி என்பதை விளக்கும் அந்த நூல் இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. சாதாரண இளைஞர் மோதல் ஒன்றிலிருந்து ஒரு சமூகவியற் கோட்பாடே பிறந்தது.

ஸ்மோல் ஃபேஸஸ் குழு 1965 இல் கிழக்கு இலண்டனில் உருவானது. மொட் இளைஞரின் வழக்கில் ‘ஃபேஸ்’, அதாவது ‘முகம்’, என்றால் நாலு பேருக்குத் தெரிந்த ஆள், மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றுகிற ஆள் என்று பொருள். இவர்கள் உயரத்தில் சிறியவர்கள். எனவே ‘சிறிய முகங்கள்’. மனோர் பார்க்கில் இசைக்கருவி விற்கும் கடையொன்றில் ஸ்டீவ் மரியட் வேலை பார்த்தார். அங்கே கிட்டார் வாங்க வந்தவர் றொனி லேன். இந்தச் சந்திப்பே பல பாடல்களைக் கூட்டாக எழுதிய இணையை உருவாக்கியது. தாள வாத்தியத்துக்குக் கெனி ஜோன்ஸ். ஆரம்பத்தில் இருந்த ஒருவர் விலகியபின் ஓர்கன் வாசிக்க வந்தவர் இயன் மெக்லகன். எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள்.

மரியட்டைப் பற்றி இலக்கிய ஆர்வலர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘ஒலிவர் ட்விஸ்ட்’ நாவலைத் தழுவி லயனல் பார்ட் ஆக்கிய ‘ஒலிவர்!’ இசை நாடகத்திலே, ஜேப்படித் திருடனான ஆர்ட்ஃபுல் டொட்ஜர் என்ற பையனின் பாத்திரத்தில் சிறுவனாக இருந்தபோது மேடையேறி நடித்தவர் அவர். கிழக்கு இலண்டனின் ‘கொக்னி’ப் பேச்சு அவருக்குப் பிறப்போடு வந்தது. அதை மேடையிலே கலையாக்கும் வித்தையை டிக்கன்ஸின் பாத்திரத்தின் மூலம் கற்றுக்கொண்டார் எனலாம். ஆயினும் குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் அவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் குரலையே பின்பற்றினார். தமது சொந்தப் பேச்சைப் பாட்டுக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது இந்த இசைத்தட்டிலேதான்.

இனி, தட்டின் உறையைப் பார்ப்போம். லிவர்பூல் நகரில் ஒக்டன் என்ற பழைய புகையிலைக் கம்பனி இருந்தது. அவர்களுடைய ஒரு வகைப் புகையிலை வட்டமான தகரப் பேணியில் விற்கப்பட்டது. அந்தப் பேணியின் மூடியைக் கேலியாகப் பிரதிசெய்து, இசைத்தட்டின் உறையை வட்டமாகவே வெட்டினார்கள். பேணியின் மேலிருந்த பெயரிலே ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள். ‘நட்’ என்பதற்குக் கொட்டை என்ற பொருளோடு, பேச்சு வழக்கில் தலை, மூளை என்ற பொருளும் உண்டு. ஆகவே ‘நட் கோன்’ என்றால் புத்தி கழன்றுபோனது என்றாகிறது. புகையிலைப் பெயரொன்று பைத்தியத்தின் பெயராக மாறியது.

இந்த வட்ட உறையால் கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுக்கி வைத்தால் நிற்காது. தட்டிலிருந்து உருண்டு கீழே விழும். சிறிது காலத்திலேயே கம்பனி வழமையான சதுர உறைக்குத் திரும்பிவிட்டது. விளம்பரத்திலும் ஒரு சர்ச்சை ஏற்பட்டது. கிறிஸ்தவர்களின் பரலோக மந்திரத்தைக் கேலியாகத் தழுவி இசைத்தட்டுக் கம்பனி செய்த விளம்பரம் பலருடைய கண்டனத்துக்கு உள்ளானது.

தட்டின் முதற் பக்கத்தில் தனித்தனிப் பாடல்கள் இருக்கின்றன. அவற்றுள் ‘லேஸி சண்டே’ பெரும் புகழ் பெற்றது. அயலவர்கள், உரத்துப் பாட்டு வைக்கிறான் என்று மரியட் மீது முறைப்பாடு செய்துகொண்டிருந்தனர். அந்தச் சச்சரவே பாட்டாயிற்று. அச்சுக் கொக்னியில், பழைய இலண்டன் ‘மியூசிக் ஹோல்’ அரங்குகளின் பாணியில் அவர் அதைப் பாடுகிறார். குழுவினர் இதனைத் தனித்தட்டாக வெளியிட விரும்பவில்லை. கம்பனி அவர்களின் விருப்பத்தைப் பொருட்படுத்தாது வெளியிட்டது. பட்டியலில் அது 2 ஆம் இடம்வரை சென்றது. ‘ரீனி’ என்ற மற்றொரு பாடல் துறைமுகப் பகுதிப் பெண்ணொருத்தியைப் பற்றியது. ‘சோங் ஒஃப் எ பேக்கர்’ பசியையும் பாணையும் பேசுவது. தாங்கள் பிறந்து வளர்ந்த தெருவின் மனிதரையும் ஓசையையும் பாட்டுக்குப் பொருளாக்கிக் கொண்டமையே முதற் பக்கத்தின் சிறப்பு.

ஆனால் இந்தத் தட்டை நான் இலக்கியத் தொடருக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இரண்டாம் பக்கம். அது முழுவதும் ஒரே கதை. ஸ்டான் என்ற பையன் ஓரிரவு வானத்தைப் பார்க்கிறான். நிலவு பாதியாய் இருக்கிறது. மற்றப் பாதி எங்கே போயிற்று என்று கவலைப்பட்டுத் தேடப் புறப்படுகிறான். வழியிலே பசியோடிருக்கும் ஈ ஒன்றுக்குத் தனது உணவைப் பகிர்ந்து கொடுக்கிறான். அந்த ஈ பேருருக் கொள்ள, அதன் முதுகில் ஏறிப் பறந்து, குகையில் வாழும் ‘பித்தன் ஜோன்’ என்ற துறவியிடம் போய்ச் சேருகிறான். ஊரார் அஞ்சி ஒதுக்கிவைத்த மனிதன் அவன். நிலவின் பாதி எங்கே என்று கேட்டால், பித்தன் வானத்தைக் காட்டுகிறான். ஸ்டான் தேடி அலைந்த காலத்துக்குள் நிலவு தானாகவே முழுமையடைந்து விட்டது. பிறகு வாழ்வைக் கொண்டாடும் ஒரு பாட்டோடு கதை முடிகிறது.

பிறை பார்த்து நாள் எண்ணும் நமது ஊர்களிலே, நிலவின் பாதியைத் தொலைத்துவிட்டேன் என்று எவனும் புறப்பட மாட்டான். கதையின் சுவை அதன் அறியாமையிலேதான் இருக்கிறது. பசித்த உயிருக்கு உணவு கொடுத்தவனுக்கு அந்த உயிரே வாகனமாவது நமது பாட்டிமார் சொன்ன கதைகளுக்கும் பொதுவானது. பித்தன் என்று உலகம் ஒதுக்கியவனிடமே தெளிவு இருப்பதும் நமக்குப் புதியதல்ல. சித்தர் மரபை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதையைப் பாடல்களுக்கு இடையே உரைநடையாகச் சொல்லிச் செல்பவர் ஸ்டான்லி அன்வின். நகைச்சுவை நடிகர் ஸ்பைக் மில்லிகனைத்தான் குழுவினர் முதலில் அணுகினர், அவர் மறுத்துவிட்டார். அதனால் வந்தவர் அன்வின். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இவர் பிபிசியில் ஒலிப்பொறியியலாளராகக் கடமையாற்றியவர். ஆங்கிலச் சொற்களை உடைத்து, திரித்து, ஒன்றோடொன்று ஒட்டி, கேட்பவர்க்குப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருக்கும் ஒரு மொழியை இவர் பேசினார். ஒரு நாள் தவறி விழுந்துவிட்டு வீடு திரும்பிய இவரது தாயார், அந்த விபத்தைச் சொற்களைக் கோணலாக்கிச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்ததே தமது மொழி என்று அவர் கூறியிருக்கிறார். தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அதனை வளர்த்தெடுத்தார். பின்னர் அதுவே ஒலிபரப்பில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

இதைத் தமிழிலே எப்படிக் காட்டலாம்? எனது முயற்சியாக ஒரு மாதிரி தருகிறேன்: “முன்னொருங்காலத்தூரிலே ஒரு பையாண்டி இருந்தாண்டியாம். அவன் வானாங்கூரையை அண்ணாந்தாங்கிப் பார்த்தானாண்டானாம்.” இதிலே பெரும்பாலான சொற்கள் அகராதியில் உள்ளபடி இல்லை. ஆனாலும் பையன் இருந்தான், வானத்தைப் பார்த்தான் என்பது விளங்கிவிடுகிறது. இன்னும் ஒன்றும் விளங்குகிறது. சொல்பவர் நம் மீது அன்புள்ளவர், நமக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிறார் என்பது. கருத்தைச் சொற்கள் மாத்திரம் சுமப்பதில்லை. ஓசையும் தாளமும் ஏற்ற இறக்கமும் அதைச் சுமக்கின்றன. லூயிஸ் கரோல், எட்வர்ட் லியர் ஆகியோர் 19 ஆம் நூற்றாண்டில் எழுத்திலே செய்ததை அன்வின் பேச்சிலே, ஒலிவாங்கியின் முன்னால் செய்தார். அச்சிலே அதைப் படித்தால் பாதிச் சுவை போய்விடும்.

இன்னொரு விடயம். ஒலிப்பதிவுக்கு முன் அன்வின், குழுவினரோடு இருந்து அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு, அந்த இளைஞர் வழக்குச் சொற்களைக் குறித்துக்கொண்டார். 1911 இல் பிறந்தவர் அவர். குழுவினரோடு ஒப்பிட்டால் தகப்பன் வயது. அந்தச் சொற்களைத் தமது கோணல் மொழிக்குள் கலந்தே கதையைச் சொன்னார். இரண்டு தலைமுறைகளின் பேச்சு ஒரே வாயிலிருந்து வருகிறது. இளைஞர் இசை முதியோரை ஒதுக்கிற்று என்று பொதுவாகச் சொல்லப்பட்ட ஒரு காலத்தில் இது நடந்தது.

நமது நாட்டுக்கூத்திலே கட்டியகாரன் வந்து கதையை அறிமுகப்படுத்தி, இடையிடையே பகிடி பேசி, பார்வையாளரை அடுத்த காட்சிக்கு அழைத்துச் செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதாப்பிரசங்கத்திலே உரையும் பாட்டும் மாறிமாறி வருவதையும் கோயில்களில் கேட்டிருப்பீர்கள். இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தின் அமைப்பு ஏறத்தாழ அதுவே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று உருவானது என்று நான் சொல்லவில்லை. கதையைக் காதால் கேட்கும் வழக்கம் உள்ள இடங்களிலெல்லாம் இப்படி ஓர் உருவம் தோன்றிவிடுகிறது.

1968 ஜூன் மாதம் பிபிசி தொலைக்காட்சியின் ‘கலர் மி பொப்’ நிகழ்ச்சியில் குழுவினர் அன்வினோடு தோன்றி இந்தக் கதையை நிகழ்த்தினர். அதே ஆண்டின் கடைசி இரவில் இலண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் நடந்த நிகழ்ச்சியில் மரியட் மேடையை விட்டு வெளியேறினார், குழு உடைந்தது. இவ்வளவு வெற்றி பெற்ற படைப்பை உருவாக்கியவர்கள் அதற்குப்பின் ஒரு வருடம்கூட ஒன்றாக இருக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இக்குழுவினர் ஒவ்வொருவருக்கும் வாரம் 20 பவுண் சம்பளமும், கார்னபி வீதி உடுப்புக் கடைகளில் கணக்கு வைத்து வாங்கும் வசதியும் கொடுக்கப்பட்டன. விலையுயர்ந்த உடுப்பு அணிந்தார்கள், புகைப்படங்களில் செல்வந்தரைப்போல் நின்றார்கள், பையில் காசில்லை. இந்த இசைத்தட்டை வெளியிட்ட ‘இமீடியட்’ கம்பனி 1970 இல் நொடித்துப்போயிற்று. ஒலிநாடாக்களின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்றது. தட்டுகள் திரும்பத் திரும்ப வெளிவந்தன. பாடியவர்களுக்கு உரிமைத்தொகை வந்து சேரவில்லை. நீண்ட போராட்டத்தின் பின்னரே, 1990 களில், நிலைமை ஓரளவு சீரடைந்தது.

அதற்குள் காலம் தன் வேலையைச் செய்துவிட்டது. மரியட் 1991 ஏப்ரலில், எஸெக்ஸில் உள்ள தமது வீட்டில் ஏற்பட்ட தீயில் சிக்கி, 44 ஆவது வயதில் இறந்தார். நரம்பைத் தாக்கும் கொடிய நோயால் இருபது வருடங்களுக்கு மேல் அவதிப்பட்ட றொனி லேன் 1997 இல் மறைந்தார். 2014 இல் மெக்லகனும் போனபின், இத்தட்டை உருவாக்கிய நால்வருள் எஞ்சியவர் கெனி ஜோன்ஸ் ஒருவரே. கதை சொன்ன அன்வின் 2002 இல் காலமானார். ஆகவே 2018 இல் மூன்று நிறங்களில் தட்டு வெளிவந்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு அவர்களுள் மூவர் இல்லை. கதை சொன்னவரும் இல்லை.

இனி, அந்த வண்ணத் தட்டுக்கு வருகிறேன். இசைத்தட்டுகள் முன்பு அரக்கினால் செய்யப்பட்டன. பாண்டவரை எரிக்கத் துரியோதனன் மாளிகை கட்டுவித்தானே, அதே அரக்குத்தான். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அந்தப் பிசின் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே உலகெங்கும் சென்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் 4 நிமிடம் அளவில் மாத்திரமே பதியலாம். 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பனி, வினைல் என்ற பிளாஸ்டிக்கினால் ஆன, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேரத் தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்தது. ஸ்டானின் கதை போன்ற ஒன்று பிறந்ததே இதனால்தான். நாடகத்துக்கு அங்கம் எப்படியோ, நீண்ட நேரத் தட்டுக்குப் பக்கம் அப்படி. 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தின் வரித்தடத்தைப் பிரித்து நீட்டினால் 400 மீற்றருக்கு மேல் வரும். அவ்வளவு தூரத்தை ஊசி ஒரே நடையாக நடந்து முடிக்கிறது.

வினைலுக்கு இயல்பாகக் கறுப்பு நிறம் கிடையாது. கரித்தூளைக் கலப்பதாலேயே அது கறுக்கிறது. கறுப்பிலே அழுக்கும் கலப்படமும் தெரியாது என்பதும் ஒரு வசதி. கரித்தூளுக்குப் பதிலாக வேறு சாயத்தைக் கலந்தால் வண்ணத் தட்டு. இதுவும் புதியதல்ல. 1949 இல் ஆர்சிஏ விக்டர் கம்பனி 45 சுழற்சித் தட்டுகளை வெளியிட்டபோது, சாஸ்திரிய இசைக்குச் சிவப்பு, நாட்டுப்புற இசைக்குப் பச்சை, சிறுவர் பாடல்களுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்தது. அங்கே நிறத்துக்கு ஒரு பொருள் இருந்தது. எழுத்தறியாத குழந்தையும் தன் தட்டை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய வண்ணங்கள் பெரும்பாலும் சேகரிப்போருக்காக. நிறத்தால் ஒலி கெடும் என்பார் சிலர். நல்ல மூலப்பொருளைக்கொண்டு கவனமாக அழுத்தினால் வண்ணத் தட்டும் கறுப்புத் தட்டும் ஒலியில் பெரிதாக வேறுபடுவதில்லை. படம் அச்சிட்ட தட்டுகளின் இரைச்சல் வேறு கதை. 

ஆனாலும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற தெரிவுக்கு ஒரு நியாயம் உண்டு. பிரித்தானிய விமானப்படையின் வட்டக் குறியை மொட் இளைஞர்கள் தமது சின்னமாக ஆக்கிக்கொண்டனர். ஒன்றுக்குள் ஒன்றாக நீலம், வெள்ளை, சிவப்பு வளையங்கள். அதன் நிறங்களே தட்டுகளின் நிறங்கள். தேசக் கொடியின் நிறங்களும் அவையே.

வினைல் தட்டு செத்துவிட்டது என்று ஒரு காலத்தில் எல்லோரும் முடிவுகட்டினர். பிரித்தானியாவிலே 2007 இல் சுமார் 2 இலட்சம் நீண்ட நேரத் தட்டுகளே விற்பனையாயின. 2024 இல் அத்தொகை 67 இலட்சம். அமெரிக்காவில் 2022 இல், 1987 க்குப் பின் முதற்தடவையாக, குறுந்தட்டுகளிலும் பார்க்க வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக விற்றன. இந்தச் சந்தையில் வண்ணம் ஒரு முக்கியமான தூண்டில். ஒரே இசை பச்சையிலும் செம்மஞ்சளிலும் புள்ளி தெளித்தும் வருகிறது. வாங்கியவர் எல்லோரும் கேட்கிறார்களா என்பது வேறு கேள்வி. புத்தகத்தை அலுமாரிக்காக வாங்குவோரை நாம் அறிவோமல்லவா?

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். மொட் என்றால் நவீனர் என்றேன். பழையதைக் கழித்து, நாளைய உடுப்பை இன்றே அணிய விரும்பியவர்கள் அவர்கள். அவர்களது இசை இன்று பழமையின் பெயரால் விற்கப்படுகிறது. 1979 இல் ‘குவாட்ரொஃபீனியா’ திரைப்படம் வெளிவந்த காலத்தில் மொட் பாணி ஒருமுறை மீண்டெழுந்தது. 1994 இல் ‘பிளர்’ குழு ‘பார்க்லைஃப்’ தட்டை வெளியிட்டது. அதன் தலைப்புப் பாடலில், அத்திரைப்படத்தின் கதாநாயகன் ஃபில் டானியல்ஸ் கொக்னியில் பேசுகிறார். அதைக் கேட்கும்போது ‘லேஸி சண்டே’யின் எதிரொலி எனக்குக் கேட்கிறது. மீட்டெடுத்தவர்கள் எல்லோரும் வெறுமனே பழையதை ஆராதித்தவர்கள் என்று சொல்ல முடியாது. சொந்தத் தெருவின் பேச்சிலே பாடலாம் என்ற துணிவை ஒக்டன்ஸ் கொடுத்தது. அது அருங்காட்சியகத்துப் பொருளல்ல.

ஆகவே ஒரு மறுபதிப்பை எப்படி மதிப்பிடுவது? நூற்பதிப்பிலே நாம் வைத்திருக்கும் அளவுகோல் இங்கும் பொருந்தும். சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்புக்காகவே அவரை நினைவுகூருகிறோம். அட்டையின் நிறத்தை எவரும் நினைவு வைத்திருக்கவில்லை. இசைத்தட்டின் மறுபதிப்பிலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது எனது கருத்து. ஒன்று, மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்ததா, பிரதியின் பிரதியிலிருந்து எடுத்ததா? இரண்டு, படைப்பின் உருவம் பேணப்பட்டிருக்கிறதா? மூன்று, ஆக்கியவர்களுக்கோ அவர்களின் குடும்பத்தாருக்கோ உரியது போய்ச் சேருகிறதா?

இரண்டாவது கேள்விக்கு வினைல் மறுபதிப்பு நல்ல விடையைத் தருகிறது. குறுந்தட்டிலே இரு பக்கங்களும் ஒன்றாகிவிட்டன. இணையத்தின் வழி கேட்பவர், ‘லேஸி சண்டே’யைக் கேட்டுவிட்டு வேறெங்கோ தாவிவிடலாம், ஸ்டானின் கதையைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம். வினைல் தட்டிலே முதற் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்ப் புரட்டிப் போட வேண்டும். அந்தச் சிறு இடைவேளைக்குப் பின் அன்வினின் குரல் தொடங்குகிறது. அதன்பிறகு நிலவு முழுமையாகும்வரை நீங்கள் இருந்த இடத்தில் இருக்கிறீர்கள். 1968 இல் அப்படிக் கேட்பதற்காகவே இது ஆக்கப்பட்டது. நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய ஓர் இளைஞனை அது இருபது நிமிடம் ஓரிடத்தில் இருத்திக் கதை கேட்க வைக்குமானால், அந்த நிறத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

மூன்றாவது கேள்விதான் மனதை உறுத்துவது. ஸ்டானின் கதையில் தொலைந்த பாதி தானாகத் திரும்பி வருகிறது. எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை, பொறுத்திருந்தால் போதும். அந்தக் கதையைப் பாடியவர்களின் வாழ்க்கையில் தொலைந்த பாதி அப்படித் திரும்பவில்லை. வழக்கறிஞர்களும் கடிதங்களும் வருடங்களும் வேண்டியிருந்தன. திரும்பி வந்ததும் எல்லோருக்கும் உரிய காலத்தில் வரவில்லை. இயற்கையின் நீதி வேறு, கணக்குப் புத்தகத்தின் நீதி வேறு என்று இந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு. நமது எழுத்தாளர்களின், நமது வானொலிக் கலைஞர்களின் ஆக்கங்களை நாளை எவராவது அழகாக மறுபதிப்புச் செய்யும்போதும் இந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறக்கூடாது.

நேயர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். கறுப்புத் தட்டோ சிவப்புத் தட்டோ, எதுவானாலும் சரி. அன்வினின் ஆங்கிலம் முழுவதும் விளங்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலேயருக்கும் அது முழுவதும் விளங்குவதில்லை. பசித்த ஈயும் பித்தனும் நிலவும் உங்களுக்கு விளங்கும்.